எண்பது நாற்காலி

கயிறு என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிடுவார்கள். மாநாட்டு மண்டபத்தில் நாற்காலி போடுகிற வேலை. சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு வெள்ளைக் கயிற்று உருண்டை கிடக்கும். அதை இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் இழுத்துக் கட்டி, நாற்காலியின் முன்னங்கால் இரண்டும் கயிற்றைத் தொட்டும் தொடாமலும் நிற்கிற மாதிரி வைத்துக்கொண்டே போவார். காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் ஒன்பதுக்குள் ஆயிரத்து இருநூறு நாற்காலி. இரண்டு பேர் தள்ளுவண்டியில் பத்துப் பத்தாகக் கொண்டுவந்து இறக்க, இவர் வரிசை பிடிப்பார். ஒரு நாற்காலி விரற்கடை பிசகியிருந்தாலும் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

நாற்காலி போடுவதில் என்ன பெரிய வித்தை என்று கேட்கிற புண்ணியவான்கள் உண்டு. வித்தை இருக்கிறது ஐயா. இருநூறு பேர் வருகிற இடத்தில் நூற்றைம்பது நாற்காலி போட்டால் அது மாபெரும் கூட்டம். அதே இருநூறு பேருக்கு அறுநூறு போட்டால் ஈ ஓட்டுகிற கூட்டம். ஒருமுறை மெத்தைக் கம்பெனிக்காரர்கள் ஐந்நூறு பேர் வருவார்கள் என்று மண்டபத்தை எடுத்துவிட்டு, வந்தது தொண்ணூறு பேர் என்றதும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். கயிறு பின்வரிசைகளை உருவினார், நடுவழியை அகலமாக்கினார், வெறிச்சென்று கிடந்த இடத்தில் பூந்தொட்டிகளை நிறுத்தினார். மறுநாள் படத்தில் பார்த்தால் ஜேஜே என்று இருக்கிறது. முதலாளி மகிழ்ந்துபோய் இவருக்கு ஒரு தலையணை கொடுத்துவிட்டுப் போனார்.

இத்தனையும் தெரிந்த மனிதருக்கு ஒரே ஒரு வியாதி. யாரையும் நம்ப மாட்டார். மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தால் அட்டையை மூன்று பேரிடம் காட்டி விசாரிப்பார். மழை வரும் என்று சொன்னாலும் குடை எடுப்பார், வராது என்று சொன்னாலும் எடுப்பார். யாராவது வலிய வந்து நல்லது செய்தால் போதும், "ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுததாம்" என்று ஆரம்பித்துவிடுவார். மலை ஊர்க் குளிரில் எல்லோருக்கும் மூட்டு வலி வரும். இவருக்குச் சந்தேகம் வந்தது என்பாள் அவர் மனைவி.

அவள் அதே மண்டபத்தின் சமையற்கட்டில் காய் நறுக்குகிறவள். அவளுடைய தம்பி மாநாட்டுக்கு வருகிறவர்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறான். மூன்று பேரும் குடியிருந்தது மருந்துக்கடைக்காரரின் வீட்டுக்கு அடியில், சாலையிலிருந்து முப்பத்தேழு படி கீழே இறங்கிப் போகிற இரண்டு அறையில். ஒரு பக்கச் சுவர் மலையோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் வருஷம் முழுக்க ஈரம். துவைத்த துணியை அடுப்புக்கு மேலே கொடி கட்டித்தான் காயப்போட வேண்டும். எல்லோருடைய சட்டையிலும் தாளித்த வாசம் அடிக்கும். பதினோரு வருஷம் அப்படி ஓடிவிட்டது.

அந்த மாதம் முதல் வாரத்தில் மருந்துக்கடைக்காரர் முப்பத்தேழு படியும் இறங்கி வந்தார். அவர் இறங்கி வந்ததே இல்லை. வாசலில் நின்றபடியே, இந்த மாசக் கடைசிக்குள் காலி செய்துவிட வேண்டும் என்றும், மாநாட்டுப் பருவம் தொடங்குவதற்குள் சுவருக்குப் பலகை அடித்து வெந்நீர்க் குழாய் வைத்து வெளியூர்க்காரர்களுக்கு விடப்போவதாகவும் சொன்னார். "நீங்க நல்லவங்கதான். அதனாலதான் நேர்ல வந்து சொல்றேன்," என்றார்.

ஊர் முழுக்க அதே கதைதான். முன்பெல்லாம் தோட்டக்காரரும் சலவைக்காரரும் பள்ளிக்கூட ஆயாவும் இருந்த அறைகளில் இப்போது வெள்ளைத் துண்டு மடித்து வைத்திருக்கிறது. கீழூரில் வீடு பிடிக்கலாம். ஆனால் கீழூரிலிருந்து முதல் பேருந்து மேலே வந்து சேர ஏழரை ஆகும். கயிறுக்கு வேலை ஆறு மணிக்கு. கடைசிப் பேருந்து ஏழு மணிக்கு இறங்கிவிடும். அவளுக்கு வேலை முடிய எட்டாகும். வீடு போனால் இரண்டு பேருடைய வேலையும் போனது என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மிச்சமிருந்த ஒரே வழி, நகர மன்றம் யோசித்துக்கொண்டிருந்த குடியிருப்பு. மண்டபத்துக்குப் பின்னால் வண்டிகள் நிற்கிற சரிவில், ஊரில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் என்று அறுபது வீடு. மலிவு வாடகை. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் விண்ணப்பம் கொடுத்திருந்தார்கள். மருந்துக்கடைக்காரரைச் செயலாளராகக் கொண்ட விடுதிக்காரர் சங்கத்துக்கு அதே சரிவில் இரண்டாவது மண்டபமும் அதற்கு வண்டி நிறுத்தமும் வேண்டும். யாருக்கு என்று முடிவு செய்ய மூன்று பேர் குழு ஒன்று வந்து, ஊர் மக்களிடம் நேரில் கருத்துக் கேட்கப் போவதாக அறிவிப்பு ஒட்டினார்கள். இடம், மாநாட்டு மண்டபத்தின் சின்னக் கூடம். நேரம், வியாழக்கிழமை மாலை மூன்று மணி.

"பார்த்தியா?" என்றார் கயிறு, அறிவிப்பைப் படித்துவிட்டு வந்த அன்று. "அன்னைக்குத்தான் பெரிய கூடத்துல பல் டாக்டர்ங்க மாநாடு. எண்ணூறு பேர். நம்மாளு ஒருத்தன் நகர முடியுமா? திட்டம் போட்டு வச்சிருக்கானுங்க."

"இருக்கலாம்," என்றாள் அவள். விரல் வெடிப்பில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். பனித் தண்ணீரில் கீரை அலசி அலசி அவள் விரல்கள் எல்லாம் வெடித்திருக்கும். "அதுக்காகப் போகாம இருக்க முடியுமா? பத்து நிமிஷம் ஓடி வந்து தலையக் காட்டிட்டுப் போறவங்க காட்டட்டும்."

"அந்த வீடே நமக்குக் குடுப்பாங்கன்னு நீ நம்புறியா?"

"நம்பலைன்னா எங்க போறது, சொல்லுங்க. வேன்லயா படுக்கிறது?"

"வேன்ல எனக்கே இடமில்லக்கா," என்றான் தம்பி. "மாமா குறட்டைக்குக் கண்ணாடி உடைஞ்சிடும்."

செவ்வாய்க்கிழமை காலை கயிறு பெரிய கூடத்தில் நாற்காலிகளுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தபோது மேலாளரம்மா வந்தாள். மண்டபத்துக்கு அவள் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. முப்பத்தைந்து வயதிருக்கும். வேகமாக நடப்பாள், குறைவாகப் பேசுவாள். குறைவாகப் பேசுகிறவர்கள்மேல் கயிறுக்கு இருமடங்கு சந்தேகம். போதாக்குறைக்கு அன்று அவள் பக்கத்தில் மருந்துக்கடைக்காரரும் நடந்து வந்தார்.

"அண்ணே, வியாழக்கிழமை சின்னக் கூடத்துக்கு எண்பது நாற்காலி போதும்," என்றாள்.

"எண்பதா? முந்நூத்திச் சொச்சம் பேரு எழுதிக் குடுத்திருக்காங்கம்மா."

"எண்பது போதும்ணே. முன்னாடி நெருக்கமாப் போட்டுடுங்க. மத்தவங்க சுவரை ஒட்டி நின்னுக்கட்டும்."

"எண்பதே அதிகம்," என்றார் மருந்துக்கடைக்காரர். "யாரு வரப்போறா? நாப்பது போட்டாலும் காலியாத்தான் கிடக்கும்."

மேலாளரம்மா மருந்துக்கடைக்காரருக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். கயிறைப் பார்த்து ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். அது சாடைதான். எதற்கான சாடை என்பதில்தான் வந்தது வினை. நல்ல மனசுக்காரன் பார்த்தால் ஒன்று தோன்றியிருக்கும். இவருக்குத் தோன்றியது வேறு. 'வாயை மூடிக்கிட்டுச் சொன்னதைச் செய்' என்கிறாள் என்று எடுத்துக்கொண்டார்.

அவரையும் குறை சொல்ல முடியாது. சூடு கண்ட பூனை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சாயங்காலப் பேருந்தைப் பற்றி இதே சின்னக் கூடத்தில் ஒரு கருத்துக் கேட்பு நடந்தது. அப்போதிருந்த மேலாளர் நாற்பது நாற்காலி போடச் சொன்னார்; இவரும் போட்டார். சீருடையை மாற்றிக்கொண்டு இவர் வருவதற்குள் நாற்பதும் நிறைந்துவிட்டது. காவல்காரர் கதவைச் சாத்திவிட்டு, நாற்காலி நிறைந்தால் ஆள் விடக்கூடாது, தீயணைப்பு விதி என்றார். நூறு பேர் வெளியே மழையில் நின்றார்கள். உள்ளே இருந்த நாற்பது பேரும் சொந்த வண்டி வைத்திருக்கிறவர்கள். ஒன்பது மணிக்கு இருந்த கடைசிப் பேருந்தை ஏழு மணிக்கு மாற்றியது அன்றைக்குத்தான். தன் கையால் போட்ட நாற்காலி தன்னையே வெளியே நிறுத்திய கதையை அவர் ஒரு நாளும் மறந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை ராத்திரி வீட்டில் இதே பேச்சு.

"எண்பது நாற்காலியா?" தம்பி சூப்பில் ரொட்டியை முக்கியபடியே சிரித்தான். "அப்புறம் என்ன மாமா, கதவைச் சாத்தப் போறாங்க. விடுதிக்காரங்க ஒரு மணிக்கே வந்து எண்பதுலயும் துண்டு போட்டுடுவாங்க."

"அதைத்தான் நானும் சொல்றேன். எலி அம்மணமா ஓடுதுன்னா சும்மாவா ஓடும்? மருந்துக்கடைக்காரரும் அந்தம்மாவும் சேர்ந்து நடந்து வர்றாங்கடா."

"நடந்து வந்தா என்னங்க?" என்றாள் அவள். "அவர் மண்டபத்துக்கு வந்தாரு, இவ மேலாளர், கூட நடந்துதானே ஆகணும்? தூக்கிட்டா வருவா?"

"நீ யாரையும் சந்தேகப்பட மாட்டே."

"நீங்கதான் வீட்டுக்கும் சேத்துப் படுறீங்களே. போன மாசம் குளிர்ல நாங்க நடுங்குறதப் பாத்துட்டு அந்தம்மாதான் சமையற்கட்டுக்கு ரப்பர் பூட்ஸ் வாங்கிக் குடுத்துச்சு. ஏன் எண்பதுன்னு நேரா போய்க் கேளுங்களேன். வாயிலயா புண்ணு?"

அவர் கேட்கவில்லை. கேட்டால் விழித்துக்கொள்வார்கள் என்பது அவர் கணக்கு. அதற்குப் பதில், புதன்கிழமை முழுக்க வேலைக்கு நடுவே ஆள் திரட்டினார். சலவை அறை, பாத்திரம் கழுவுகிற இடம், கொதிகலன் அறை, தோட்டம், வாசல் காவல் என்று ஒரு இடம் பாக்கியில்லை. "வியாழக்கிழமை மூணு மணி. வந்துடணும்." எல்லோரும் "வராம இருப்பேனாண்ணே" என்றார்கள். பாத்திரம் கழுவுகிறவர்களுக்குத் தலைவராக இருந்த பாத்திரக்காரர், "நான் மட்டுமில்லடா, என் பொண்டாட்டி, மச்சான், சகலை எல்லாரும் வர்றோம்," என்று ஈரக்கையோடு சத்தியம் செய்தார். உலகத்தில் எவர் சொன்னதையும் நம்பாத மனிதர், அன்றைக்கு நூறு பேர் சொன்ன ஒரே பொய்யை அப்படியே நம்பினார். அவர்களும் பொய் சொல்ல நினைத்துச் சொல்லவில்லை. வர வேண்டும் என்றுதான் நினைத்தார்கள். எண்ணூறு பல் மருத்துவர்கள் சாப்பிட்ட தட்டு யாருக்காகக் காத்திருக்கும்?

வியாழக்கிழமை காலை மூடுபனி ஜன்னல்வரை வந்து நின்றது. பெரிய கூடத்தை முடித்துவிட்டு, மேலாளரம்மா பல் மருத்துவர்களின் ஒலிபெருக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து, கயிறு சின்னக் கூடத்துக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார். நானூறு நாற்காலி. இருபது வரிசை, வரிசைக்கு இருபது. நடுவில் ஒரே ஒரு வழி. கயிற்றை இழுத்துக் கட்டி, ஒவ்வொன்றாக நிறுத்தி, கடைசியில் வாசலில் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். அம்பு விட்டால் கடைசி வரிசைவரைக்கும் எதிலும் இடிக்காமல் போகும். 'இப்ப சாத்துங்கடா கதவை,' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். அவ்வளவு சந்தோஷமாக அவர் நாற்காலி போட்டதே இல்லை.

மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மேலாளரம்மா வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். 

"அண்ணே, என்ன பண்ணிட்டீங்க?"

"எல்லாருக்கும் உக்கார இடம் வேணுமில்லம்மா," என்றார் கயிறு, பணிவாக. உள்ளே குத்தாட்டம்.

அவள் ஓடிப்போய்க் கடைசி வரிசையிலிருந்து இரண்டு நாற்காலியைத் தூக்கினாள். கயிறு பாய்ந்து போய் அதன் காலைப் பிடித்துக்கொண்டார். நாற்காலி இருவருக்கும் நடுவில் அந்தரத்தில் நின்றது.

"விடுங்கண்ணே. நேரமில்லை."

"இருக்கட்டும்மா. நான் பாத்துக்கறேன்."

"சொன்னாக் கேளுங்க, பாதியையாவது எடுத்துடலாம்—"

அதற்குள் குழு உள்ளே வந்துவிட்டது. மூக்குக் கண்ணாடி போட்ட தலைவியம்மா, பாதித் தூக்கத்தில் ஒரு பெரியவர், கழுத்தில் கேமரா மாட்டிய இளைஞர். மேலாளரம்மா நாற்காலியை விட்டுவிட்டுச் சேலையைச் சரிசெய்துகொண்டு வணக்கம் சொல்லப் போனாள். கயிறு அந்த இரண்டு நாற்காலியையும் பழையபடி வரிசையில் வைத்து, கோணலாக இருந்த ஒன்றை முழங்காலால் நிமிர்த்தினார்.

விடுதிக்காரர்கள் இருபத்தைந்து பேர் வந்தார்கள். முன் வரிசையில் போய், சொந்த வீட்டில் உட்காருகிற மாதிரி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்கள். பிறகு வேலைக்காரர்கள் வந்தார்கள். இரண்டு பேர், மூன்று பேர், ஒருவர். மூன்றேகாலுக்கு அவர்கள் மட்டும் அறுபது பேர். கதவு திறந்தேதான் கிடந்தது. யாரும் சாத்தவில்லை. கயிறு வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். பனி மட்டும் உள்ளே வந்துகொண்டிருந்தது.

வந்தவர்கள் எங்கே உட்கார்ந்தார்கள் தெரியுமா? அங்கேதான் இருக்கிறது கூத்து. வருஷக்கணக்காக அந்த நாற்காலிகளைத் துடைத்திருக்கிறார்கள், தூக்கியிருக்கிறார்கள், உறை மாட்டியிருக்கிறார்கள். ஒரு நாளும் அதில் உட்கார்ந்ததில்லை. விருந்தினர் நாற்காலி அது. அதனால் எல்லோரும் கடைசி மூன்று வரிசையில், கதவுக்குப் பக்கத்தில், கூப்பிட்டால் ஓடிவிடலாம் என்கிற மாதிரி நுனியில் ஒட்டிக்கொண்டார்கள். முன்னால் இரண்டு வரிசை தலை, பின்னால் மூன்று வரிசை தலை. நடுவில் பதினைந்து வரிசை வெள்ளை உறை போட்ட காலி நாற்காலி, கயிறு பிடித்த நேரில்.

கேமராக்காரர் மேடையிலிருந்து படம் எடுத்தார். பிறகு பக்கவாட்டில் போய் ஒன்று எடுத்தார்.

மருந்துக்கடைக்காரர் எழுந்து, ஊருக்கு வேலை கொடுப்பது மாநாடு, மாநாட்டுக்கு வேண்டியது மண்டபம் என்று நிதானமாகப் பேசினார். திரும்பிப் பார்த்துக் கையை விரித்தார். "வீடு வீடுன்னு சொல்றாங்க. வந்திருக்கறவங்களை நீங்களே பாருங்க. நான் ஒண்ணும் சொல்லலை."

"வேலை செய்பவர்கள் சார்பில் யாராவது?" என்றார் தலைவியம்மா.

பின்னாலிருந்து கயிறின் மனைவி எழுந்தாள். பத்து நிமிஷம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். தலையில் வலைத்தொப்பி, இடுப்பில் நனைந்த ஏப்ரன், காலில் ரப்பர் பூட்ஸ். அவள் பேச ஆரம்பித்தது முன்னால் கேட்கவில்லை.

"முன்னாடி வந்து பேசுங்கம்மா. கேட்கலை."

அவள் நடந்தாள். இருபது வரிசையும் தாண்டி நடக்க வேண்டியிருந்தது. ரப்பர் பூட்ஸ் அந்த மெழுகுத் தரையில் கீச் கீச்சென்று கத்தியது. இரண்டு பக்கமும் ஆளில்லாத நாற்காலிகள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. முன் வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். பாதி தூரத்தில் அவள் ஏப்ரனை அவிழ்த்துச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டாள். வீட்டில் மூன்று நாளாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தாள்: பதினோரு வருஷம், சுவர் ஈரம், ஏழு மணிப் பேருந்து, தன்னோடு காய் நறுக்குகிறவள் கைக்குழந்தையோடு சலவை அறையில் படுத்துக்கொள்வது என்று எல்லாவற்றையும். மேடைக்கு முன்னால் போய் நின்றபோது ஒன்றும் மிச்சமில்லை.

"எங்களுக்கு வீடு வேணும்ங்க," என்றாள். சுருட்டிய ஏப்ரனை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "அவ்வளவுதாங்க."

பிறகு வந்த வழியே அத்தனை வரிசையும் திரும்ப நடந்தாள். கயிறு சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். அவளைப் பார்க்க முடியவில்லை.  மெத்தைக் கம்பெனிக்காக எந்த வித்தையைச் செய்தாரோ, அதையே தலைகீழாகத் தன் பெண்டாட்டிக்குச் செய்துவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது. தன் கையால் தன் தலையிலேயே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்றால் இதுதான்.

நாலரைக்கு முடிந்துவிட்டது. விண்ணப்பங்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு இருந்தாலும் நேரில் பார்க்கும்போது அந்த அளவுக்கு ஆர்வம் தெரியவில்லை என்றும், சரிவை இப்போதைக்கு இரண்டாவது மண்டபத்துக்கு ஒதுக்கலாம் என்றும், குடியிருப்பை இரண்டு வருஷம் கழித்துப் பரிசீலிக்கலாம் என்றும் குழு எழுதிக்கொண்டது. தலைவியம்மா வருத்தத்தோடுதான் சொன்னார். வருத்தத்தை வைத்துக் கூரை போட முடியாது.

வாசலில் மருந்துக்கடைக்காரர் கயிறின் தோளைத் தட்டினார். "பிரமாதம்ப்பா! நான்கூட நாப்பது போடுன்னு சொன்னேன். எனக்கு இந்த மூளை இல்லை பாரு." முகம் முழுக்கச் சிரிப்பு. "அதுக்காக வீட்டு விஷயத்துல மாத்தமில்ல. மாசக் கடைசி."  எதிரே ஈரத் தட்டுகளை அடுக்கிய வண்டியைத் தள்ளிக்கொண்டு பாத்திரக்காரர் போய்க்கொண்டிருந்தார். அவர் கூட்டத்துக்கு வரவில்லை. தோள் தட்டுவதை மட்டும் பார்த்தார்.

கூடம் காலியானதும் கயிறு நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்தும் அடுக்குகிற சத்தம் கேட்டது. மேலாளரம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தாள்.

"எதுக்கும்மா எண்பதுன்னு சொன்னீங்க?" என்றார்.

"அறுபது எழுபது பேருக்கு மேல நம்மாளுங்க வர முடியாதுன்னு எனக்குத் தெரியும்ணே. இன்னைக்கு யாருக்கு எப்ப வேலைன்னு போட்டதே நான்தானே. எண்பது நாற்காலி நெருக்கமா இருந்தா, கூடம் நிறைஞ்சு சுவரோரம் பத்துப் பேர் நின்னிருப்பாங்க. கதவைத் திறந்தே வைக்கணும்னு காவல்காரர்கிட்டயும் சொல்லி வச்சிருந்தேன்."

"இதை என்கிட்டச் சொல்லியிருக்கலாமேம்மா."

"அந்த ஆள் பக்கத்துல நிக்கும்போதா? கண்ணைக் காட்டினேனே." அவள் நிமிர்ந்தாள். "சரி, அப்புறமாத் தனியா வந்து சொல்லியிருந்தா? நம்பியிருப்பீங்களா?"

கயிறு யோசித்துப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக உள்ளதை உள்ளபடி யோசித்தார்.

"இல்லம்மா," என்றார்.

"என் விண்ணப்பமும் அதுலதாண்ணே இருக்கு," என்றாள் அவள். "நானும் கீழூர்லேர்ந்துதான் வர்றேன். எனக்கும் ஏழு மணிக்குத்தான் கடைசி பஸ். மாநாடு இருக்கிற நாள்ல அலுவலக மேசை மேலதான் படுக்கறேன்."

மேலாளருக்கு மலைமேல் பங்களா இருக்கும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். திரும்பவும் அடுக்கத் தொடங்கினார். அவளும் அடுக்கினாள். பத்துப் பத்தாக நாற்பது அடுக்கு.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் திட்டவில்லை.  பரணிலிருந்து சாக்கை இறக்கி, தினமும் புழங்காத பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றி உள்ளே வைத்தாள். தம்பி எதற்கோ வாயைத் திறந்தான். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கொதிகலனுக்குப் பக்கத்து அறையில் தேநீர் இடைவேளை. முப்பது பேர் இருந்தார்கள். கயிறு உள்ளே போனபோது மேசைமேல் ஒரு காகிதம் கைமாறிக்கொண்டிருந்தது.

"வா, நீயும் போடு," என்றார் பாத்திரக்காரர், பேனாவை நீட்டி. "அந்த மேலாளரம்மாவை மாத்தச் சொல்லி எழுதியிருக்கோம். நானூறு நாற்காலியப் போட வச்சு நம்ம மானத்தை வாங்கிட்டா. விடுதிக்காரனுங்க கூடச் சேந்துக்கிட்டுப் பண்ணின வேலைடா இது. பார்த்தாலே தெரியலை?"

கயிறு காகிதத்தைப் படித்தார். பன்னிரண்டு கையெழுத்து விழுந்திருந்தது. பேசாமல் பதின்மூன்றாவதாகப் போட்டிருந்தால் அவருக்கு ஒரு குறையும் வந்திருக்காது. ஒரு கணம் அந்த ஆசை வந்ததையும் மறைக்க வேண்டாம்.

"அந்தம்மா எண்பதுதான் போடச் சொன்னாங்க," என்றார். "நானூறு நான் போட்டது."

பாத்திரக்காரர் நீட்டிய பேனாவை இழுத்துக்கொண்டார்.

"நீயா? ஏன்?"

"கதவைச் சாத்திடுவாங்கன்னு பயந்தேன். எல்லாரும் வருவீங்கன்னு நினைச்சேன்."

"அப்ப வராத எங்க மேல பழியப் போடறே?" பாத்திரக்காரர் எழுந்து நின்றார். "எவனெவனுக்கோ கூட்டத்தக் கூட்டிக் காட்டத் தெரிஞ்ச உனக்கு, நம்ம விஷயத்துல மட்டும் புத்தி மங்கிடுச்சா? நேத்து மருந்துக்கடைக்காரன் உன் தோளத் தட்டிக்கிட்டு நின்னானே, அதுக்கு என்ன அர்த்தம்? உன் வீட்டை மட்டும் காலி பண்ண வேண்டாம்னு சொல்லிட்டானா?"

  யோசித்துப் பார்த்தால் பாத்திரக்காரர் கேட்டது நியாயமான கேள்வி. அந்த இடத்தில் தான் இருந்திருந்தால் இதைவிடக் கேவலமாகக் கேட்டிருப்போம் என்று கயிறுக்குத் தெரிந்தது. சுற்றியிருந்த முப்பது முகத்தையும் பார்த்தார். எல்லாம் அவர் முகம் மாதிரியே இருந்தது.

"அந்தக் காகிதத்தை இப்படிக் குடுங்கண்ணே." கதவோரமாகத் தேநீர்க் கோப்பையோடு நின்றிருந்த அவர் மனைவி முன்னால் வந்தாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். பேனாவை வாங்கி, மேலாளரம்மாவைச் சொல்லியிருந்த வரியைக் குறுக்கே ஒரு கோடு இழுத்து அடித்தாள். அதன் மேலேயே பெரிய எழுத்தில், 'நாற்காலி போட்டவர் செய்த தப்பு' என்று எழுதினாள். கீழே தன் கையெழுத்தைப் போட்டாள்.

"நமக்குன்னு இருக்கறது அந்தம்மா ஒருத்திதான். அதையும் துரத்திடாதீங்க," என்றாள். "இவர்தான் பண்ணினாரு. நேத்து அந்த நாற்காலிக்கு நடுவுல நடந்தவ நானு. எனக்கு இருக்கிற கோபம் உங்க யாருக்கும் இருக்காது. நான் முதல் ஆளாப் போட்டுட்டேன், இப்ப நீங்க போடுங்க."

கயிறு தலையை ஆட்டினார். "போடுங்க," என்றார்.

ஒருவரும் பேனாவைத் தொடவில்லை. பாத்திரக்காரர் காகிதத்தைக் கையில் எடுத்தார். முன்பக்கம் படித்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தார். பிறகு புருஷனையும் பெண்டாட்டியையும் மாறி மாறிப் பார்த்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"இதுல என்னம்மா உள்குத்து?"

"உள்குத்தும் இல்ல, வெளிக்குத்தும் இல்லண்ணே," என்றாள். "வீடு இல்ல. அவ்வளவுதான்."

கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, நறுக்க வேண்டிய வெங்காயம் கிடக்கிறது என்று சமையற்கட்டுக்குப் போனாள்.